பேனலுக்கு வந்த நல்ல தண்ணி

பிள்ளைகளா, குஜிலியம்பாறைப் பக்கத்துச் சோலார் மின்நிலையத்துக்கு நான் தண்ணீர் லாரி ஓட்டினேன். அங்கே பேனல் கழுவும் அம்மா ஒருவர், சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போட்டிருப்பார். லாரி வந்ததும் ஒரு கை ஏந்திக் குடித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்குவார்.

ஒருநாள் வீட்டுக்கென்று ஒரு குடம் பிடித்தார். சூப்பர்வைசர் மறித்தான்.

"ஊர்ல போர் தண்ணி இருக்குல்ல?"

"அது உப்பு சார். அதையே பேனலுக்கு ஊத்துங்களேன்."

"கண்ணாடியில கறை விழும்மா."

"எங்க பிள்ளைக பல்லுல விழுந்த கறை உங்களுக்குத் தெரியலையா?"

அவன் குடத்தைக் காலால் கவிழ்த்தான். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஏண்ணே, நீங்களாச்சும் ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?"

நான் கேட்கவில்லை. அவன்மேல் வந்த கோபம்கூடத் தணிந்துவிட்டது. என்மேல் வந்தது இன்னும் ஆறவில்லை.