தலையணை உறையில் இரண்டு வரி

என் வீட்டுக்காரருக்குக் காகிதம் ஆகாது. கவிதை எழுதுகிறவருக்கே காகிதம் ஆகாதென்றால் நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது? வெள்ளைத்தாளைக் கண்டால் பரீட்சைக்கு உட்கார்ந்த மாதிரி கை நடுங்குமாம். பிழைக்க இந்த ஊருக்கு வந்த புதிதில், கட்டட வேலையில் சிமெண்ட் சாக்கில் எழுதினார். பிறகு மீன் கிடங்கில் பெட்டி மூடியில். சாக்கு குப்பைக்குப் போனது, மூடி கப்பலேறியது. அத்தோடு விட்டாரா? "அந்தக் கடைசி வரியை மாத்தணும்" என்று சோற்றுத் தட்டின் முன்னால் புலம்பல். ஒரு கவிதையையும் முடித்ததில்லை.

நான் அறை சுத்தம் செய்கிற ஓட்டலிலேயே, கெஞ்சிக் கூத்தாடி அவரைச் சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். தலையணை உறையின் உள்மடிப்பில் மாடி எண் எழுத ஒரு பேனா கொடுத்தார்கள். எத்தனை முறை துவைத்தாலும் போகாத மை. கொள்ளிக்கட்டையை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டவள் நான்தான்.

போன வாரம் மேலாளர் அம்மா என்னைக் கூப்பிட்டார். மேசைமேல் ஓர் உறை, உள்பக்கம் வெளியே தெரியக் கிடந்தது. யாரோ ஒரு விருந்தாளி பார்த்துவிட்டு, மந்திரம் எழுதி வைத்திருக்கிறார்கள் என்று கத்தியிருக்கிறார்.

"உங்க பாஷைதானே? என்ன எழுதியிருக்கு?"

கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. வேலை போனால் ஓட்டலுக்குப் பின்னால் நாங்களும் மகளும் இருக்கிற அறையும் போகும். மனசுக்குள் வாசித்தேன்.

*யார் யாரோ தூங்க நான் வெளுக்கிறேன், இவள் விரிக்கிறாள்.*
*எங்கள் தூக்கம் எந்த மாடியில்?*

இன்னொரு தரம் வாசித்தேன். ஆத்திரம் வந்தது. இப்படி எழுதத் தெரிந்த மனுஷன் இதை ஒரு தாளில் எழுதித் தொலைக்கக் கூடாதா!

"வெந்நீர்ல துவைக்கணும், சூடு குறைச்சுத் தேய்க்கணும்னு எழுதியிருக்காருங்க. மறந்துடக் கூடாதுன்னு."

மேலாளர் அம்மாவின் முகம் மலர்ந்தது. "எவ்வளவு பொறுப்பு! எல்லா உறையிலயும் எழுதச் சொல்லுங்க. இதையே, அப்படியே. யாராவது கேட்டா நான் விளக்கிக்கிறேன்."

சாயங்காலம் கீழே சலவைக்கூடத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். மலைபோல் குவிந்த உறைகளுக்கு நடுவே அவர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"'எங்கள் தூக்கம்'னு போட்டது பொய்ம்மா. நான்தான் குறட்டை விட்டுத் தூங்குறேனே. மாத்திக்கட்டுமான்னு அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தை கேளேன்."

"ஏங்க, உங்களுக்கு மூளை இருக்கா? ஒரு புள்ளி மாறினாலும் நாம மூணு பேரும் தெருவுலதான்!"

முனகிக்கொண்டே எழுதினார். இத்தனை வருஷத்தில் அவர் முடித்த முதல் கவிதை. முடித்து வைத்தவள் நான்.

மறுநாள் உறை மாட்டும்போது சந்தேகம் தீராமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன, ஒன்றைத் தவிர. அதில் 'எங்கள்' இல்லை. *இவள் தூக்கம் எந்த மாடியில்?* என்று இருந்தது.

பாவி மனுஷன்! யார் கண்ணிலும் படாமல் அதை உருவி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஓர் உறை குறைகிறதே என்று கேட்பார்கள். அதற்கு வேறு இப்போது ஒரு பொய் யோசிக்க வேண்டும்.