ரோசலி டீச்சர் ஏறிய மலை

ரோசலி டீச்சர் காலமான செய்தியை அவருடைய தூரத்து உறவினர் ஒருவர் அம்மாபேட்டையிலிருந்து எங்கள் பள்ளிக்கே வந்து சொன்னார். பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு வெளியே வந்தேன். அவரிடம் படித்த, அவரோடு வேலை பார்த்த, இங்கே கூடியிருக்கும் உங்களுக்கு அவருடைய கண்டிப்பு நன்றாகத் தெரியும். தை மாதந்தோறும் விடுப்பு எடுத்துக்கொண்டு அவர் எங்கே போனார் என்பது பலருக்குத் தெரியாது.

அவருடைய தம்பி அந்தோணி நில அளவை வேலையாகக் கொல்லிமலைக்குப் போன இடத்தில் காய்ச்சலில் இறந்தார். அடைமழை. உடலை இறக்க வழியில்லாமல் மலைக்காரர்களே புதைத்துவிட்டார்கள். "சாமியாரு மந்திரிக்காத மண்ணுல எம்புள்ள கெடக்கிறானே" என்று அவர்கள் அம்மா ஓயாமல் அழுதார். எலும்பையாவது சேலத்துக் கல்லறைக்குக் கொண்டுவர வேண்டும் என்று முடிவு செய்த டீச்சர், உடன் வேலை பார்த்த இளம் ஆசிரியையான என்னைத் துணைக்கு அழைத்தார்.

மல்லசமுத்திரத்தில் என் அப்பா மறுத்தார். "ரெண்டு பொம்பளைங்க மலை ஏறறதா? வேண்டாஞ்சாமி." டீச்சர் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். "உங்க தம்பி அங்க கெடந்தா நீங்க போவீங்களா, மாட்டீங்களா ஐயா?" அப்பா உள்ளே போய் டார்ச் விளக்கை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார். பிறகு, "பத்திரமாப் போய்ட்டு வாங்க" என்றார்.

அப்போது மலைக்குச் சாலை கிடையாது. ஒரு தை மாதம், மலையடிவாரக் காரவள்ளியிலிருந்து ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். டீச்சர் வழியில் எங்கும் உட்காரவில்லை. மேலே ஊர் எல்லையில், "செருப்பைக் கழட்டு. எங்க சாமி நடக்கிற மண்ணு" என்றாள் பொன்னி என்ற மலைக்காரப் பெண். அங்கே யாரானாலும் 'நீ'தான். வகுப்பில் ஒருமைப் பேச்சைப் பொறுக்காத டீச்சர் குனிந்து கழற்றினார். வந்த விவரம் கேட்டு, பொன்னி எங்களைச் சாமைக் காட்டு ஓரத்துக்கு அழைத்துப் போனாள்.

புதைத்த இடத்தைச் சுற்றிக் கல் அடுக்கியிருந்தது. முன்னால் இலையில் சாமைச் சோறு, ஆறியிருந்தது.

"எங்க செத்தவங்களுக்குத் தையில படைப்போம். இவனுக்கும் படைக்கிறோம். பேரு தெரியாது. 'அளக்க வந்தவனே, வந்து சாப்பிடு'ன்னு கூப்பிடுவோம்."

"அந்தோணி" என்றார் டீச்சர்.

"அந்தோணி" என்று பொன்னி இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

டீச்சர் முழந்தாளிட்டு ஜெபமாலை சொன்னார். எலும்பைக் கட்டக் கொண்டுவந்த வெள்ளைத் துணி பையிலேயே இருந்தது.

"எடுக்கலீங்களா டீச்சர்?" என்றேன்.

"இங்க அவனைச் சாப்பிடக் கூப்பிட ஒரு ஊரே இருக்கு. கீழே நானும் அம்மாவும் ரெண்டு பேர்தானே."

அவருடைய அம்மா இதைக் கடைசிவரை மன்னிக்கவில்லை. டீச்சர் அந்தக் கோபத்தைச் சுமந்தார். ஒவ்வொரு தையிலும் மலை ஏறினார். நானும் கூடப் போனேன்.

சேலத்தில், அவர் அம்மாவின் பக்கத்திலேயே அவரை அடக்கம் செய்தோம். எனக்கென்று அவர் விட்டுப்போனது அந்த மலைப்பாதைதான். வரும் தையில் தனியாக ஏற வேண்டும். பொன்னியிடம் செய்தி சொல்ல வேண்டும். தம்பியைக் கூப்பிடும்போது அக்காவையும் சேர்த்துக் கூப்பிடச் சொல்ல வேண்டும்.