காணாமல் போன இரண்டு பழங்கள்

அந்த அடுக்குமாடிக் கட்டடத்தில் அவளுக்குப் பூட்டக்கா என்று பெயர். மூன்றாம் மாடியிலிருந்து இறங்கித் தெருமுனை வரை போவாள். போனவள் அப்படியே திரும்பி வந்து, மூச்சிரைக்க மாடியேறி, பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இறங்குவாள். வாரத்தில் நான்கு நாளாவது இது நடக்கும். பெயர் வைத்தது யாரென்று தெரியாது. அவள் காதுபடவே கூப்பிடுவார்கள். அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

பிறவியிலேயே பயந்தவள் என்று சொல்ல முடியாது. பதினேழு வருடமாக மருந்துக்கடையில் வேலை. சேர்ந்த மூன்றாம் வருடம், ஒரு பெரியவருக்கு இரத்த அழுத்த மாத்திரைக்குப் பதிலாக, அதே நிற அட்டையில் வந்த வேறொன்றை எடுத்துக் கொடுத்துவிட்டாள். ஐந்து நிமிடம் கழித்து அலமாரியைப் பார்த்தபோதுதான் உறைத்தது. செருப்புகூடப் போடாமல் ஓடி, கிளம்பிய பஸ்ஸின் தகரத்தில் கையால் அடித்து நிறுத்தி, அவர் மடியிலிருந்த பையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். பெரியவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார். அவளால் சிரிக்க முடியவில்லை. அன்றிலிருந்து எதையும் இரண்டாம் தடவை பார்க்காவிட்டால் நெஞ்சுக்குள் ஏதோ பிராண்டிக்கொண்டே இருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் தம்பி வந்தான். ரயில் தண்டவாளப் பராமரிப்பில் இருப்பவன். வேறு ஊருக்கு மாற்றலாகி, அன்று மதியம் இரண்டு மணி ரயிலில் கிளம்ப வேண்டியவன். தோளில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி நிறைய பெர்ரிப் பழங்கள். சின்னச் சின்ன கறுப்பு மணிகளைச் சேர்த்து ஒட்டினாற்போல ஒவ்வொன்றும் கட்டைவிரல் நுனி அளவு.

"அக்கா, வேலியோரம் பூரா பழுத்துக் கொட்டிக் கெடக்கு. நான் போயிட்டா பறவைதான் திங்கும்."

"வேலியோரமா? நல்ல பழந்தானாடா?"

"மூணு வருஷமா தின்னுட்டிருக்கேன். செத்தா போயிட்டேன்?"

"வாயைக் கழுவு!" என்றாள். ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. ஊருக்குப் போகிற பிள்ளை ஆசையாகக் கொண்டுவந்திருக்கிறான். கடையில் கூட வேலை செய்பவள் ஒருத்தி, மருந்து உறையின் பின்பக்கத்தில், பழத்தின் மேல் மாவு ஊற்றிச் சுடும் காப்ளர் என்ற பலகாரத்தின் செய்முறையை எழுதிக் கொடுத்திருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், அவ்வளவு சுலபம் என்று சொல்லியிருந்தாள். கண்ணை மூடிக்கொண்டு எதையும் செய்து பழக்கமில்லாத பூட்டக்கா, மேஜையில் வெள்ளைத் துண்டை விரித்து, பழங்களைக் கை கையாக எடுத்துப் பரப்பி, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தாள்.

பதினொன்றே கால் ஆகியும் பாதி வாளிதான் முடிந்திருந்தது. சமையலறை வாசலில் சாய்ந்து நின்ற அவள் கணவர், "உங்க அக்கா இதுக்கெல்லாம் சீட்டு எழுதி ஒட்டி முடிக்கறதுக்குள்ள உன் ரயில் போய்ச் சேர்ந்துடும்" என்றார். லிஃப்ட் பழுதுபார்ப்பவர் அவர்; எதற்கும் பதறாத மனிதர்.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பி வெண்ணெயை உருக்கிய நேரத்தில், தம்பி வாளியைத் தூக்கி, மீதியைச் சல்லடையில் சாய்த்து, குழாயைத் திறந்து ஒரு அலசு அலசி, கண்ணாடிப் பாத்திரத்தில் கொட்டினான்.

"டேய், பார்க்காம கொட்டாதடா!"

"கழுவித்தாங்க்கா கொட்டறேன். நேரமாச்சு."

கரண்டி கையிலேயே நின்றது. எல்லாவற்றையும் மறுபடி வெளியே எடுத்துப் பரப்பலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். சரி போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

பழத்தோடு சர்க்கரை, எலுமிச்சைச் சாறு, ஒரு கரண்டி சோளமாவு சேர்த்துப் புரட்டினாள். மைதா, பேக்கிங் பவுடர், பால், உருக்கிய வெண்ணெய் எல்லாம் கலந்த கூழை மேலே அங்கங்கே கரண்டியால் விட்டாள். ஓவனில் நாற்பது நிமிடம். ஓரங்களில் கருஞ்சிவப்புச் சாறு கொப்பளிக்க, மேல்மாவு பொன்னிறமாக வெடித்து வந்தபோது வீடே மணத்தது. தம்பி இரண்டு கிண்ணம் சாப்பிட்டு, ஒரு டப்பாவும் கட்டிக்கொண்டான். கணவர் ஒரு கிண்ணம். கீழ்வீட்டில் தனியாக இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் டிரைவருக்கு ஒரு கிண்ணம் கொண்டுபோய்க் கொடுத்தாள். தனக்கென்று எடுத்து வைத்ததை, தம்பியை வழியனுப்பிவிட்டு ஆற அமரச் சாப்பிடலாம் என்று மூடி வைத்தாள்.

இரண்டு மணி தாண்டியது. வாளியைக் கழுவலாம் என்று கவிழ்த்தாள். அடியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு கொப்பு தொட்டியில் விழுந்தது.

அதில் மூன்று பழங்கள் இருந்தன. மணி மணியாக அல்ல. ஒரே உருண்டையாக, வழவழவென்று, எண்ணெய் தடவியதுபோல் மினுங்கும் கறுப்பு. ஒவ்வொன்றின் அடியிலும் பச்சை இதழ்கள் நட்சத்திரம்போல் விரிந்திருந்தன. கொப்பிலிருந்த நட்சத்திரங்களை எண்ணினாள். ஐந்து. மறுபடி எண்ணினாள். ஐந்துதான். இரண்டில் பழம் இல்லை. பிய்ந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.

"என்னங்க" என்று கணவரைக் கூப்பிட்டாள்.

விஷம் பற்றித் தகவல் சொல்லும் உதவி எண் மருந்துக்கடைச் சுவரில் பல வருடமாக ஒட்டியிருந்தது. எண் அவளுக்கு மனப்பாடம். எடுத்தது ஒரு டாக்டரம்மா. நிதானமாகக் கேட்டார். எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், எத்தனை பேர், எவ்வளவு. கொப்பைப் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அனுப்பினாள். படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நல்லதில்லம்மா இது. கண் பரிசோதனைக்கு முன்னாடி கண்பாவையை விரிக்கச் சொட்டு மருந்து விடுவாங்க தெரியுமா? அந்தச் சரக்கு இந்தச் செடியில இருக்கு."

தெரியும். தினம் தன் கையாலேயே எடுத்துக் கொடுக்கிற மருந்து.

"வெந்துடுச்சே டாக்டர்? நாற்பது நிமிஷம்..."

"வெந்தாலும் போகாது. ஒண்ணு ரெண்டுன்னா பெரியவங்களுக்குப் பொதுவா உயிருக்கு ஒண்ணும் ஆகாது, பயப்படாதீங்க. ஆனா எல்லாரும் ஆஸ்பத்திரியில இருக்கணும். வாய் வறண்டா, கண் மங்கினா, நெஞ்சு படபடன்னா உடனே. சாப்பிட்டவங்கள்ல இதயத்துக்கு மாத்திரை எடுக்கறவங்க யாராவது?"

கீழ்வீட்டு டிரைவர். அவர் காலையில் எது, இரவில் எது, எத்தனை மில்லிகிராம் என்று அவருக்கே தெரியாது, அவளுக்குத் தெரியும்.

தம்பிக்குப் போன் போட்டாள். அணைந்திருந்தது. அவன் போன் எப்போதும் சாகக் கிடக்கும். படிகளில் எப்படி இறங்கினாள் என்று பிறகு அவளுக்கு ஞாபகமே இல்லை. டிரைவர் வீட்டு மணியை அழுத்தினாள். பதில் இல்லை. கதவைத் தட்டினாள், இடித்தாள், "ஐயா! ஐயா!" என்று கத்தினாள். எதிர்வீட்டுக் கதவு திறந்ததுதான் மிச்சம். ஜன்னல் வழியாகப் பார்த்தால், மேஜையில் அவள் கொடுத்த கிண்ணம், வழித்துத் துடைத்ததுபோல் காலியாக இருந்தது.

கணவர் கருவிப் பையோடு இறங்கி வந்து பூட்டில் கை வைத்தபோது, கதவு உள்ளேயிருந்து திறந்தது. டிரைவர் தலையில் துண்டோடு, முகம் தக்காளிபோல் சிவந்து நின்றார்.

"குளிச்சிட்டிருந்தேம்மா. என்ன, தீ கீ பிடிச்சிடுச்சா?"

"உங்களுக்கு வாய் வறளுதா ஐயா?"

"பத்து வருஷமா வறளுது. நீதானே மாத்திரை குடுக்கறே!"

அவள் போனிலிருந்த விளக்கை அவர் கண்ணில் அடித்தாள். பாவை சட்டென்று சுருங்கியது. கணவர் கண்ணில் அடித்தாள். சுருங்கியது. மறுபடி டிரைவர் பக்கம் விளக்கைத் திருப்பினாள். கணவர் அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். எதற்கும் பதறாதவரின் உள்ளங்கை சில்லென்றிருந்தது.

ஆஸ்பத்திரியில் இருவரையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டிலில் படுக்கவைத்து, நெஞ்சில் வயர் ஒட்டினார்கள். திரையில் ஓடிய கோடுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூன்று பேர் சாப்பிட்டார்கள். செய்தவள் மட்டும் வாயில் வைக்கவில்லை. நிமிடத்துக்கு ஒரு தடவை தம்பியின் எண்ணை அழுத்தினாள்.

மூன்றே காலுக்கு அவனே கூப்பிட்டான். "என்னக்கா, முப்பது மிஸ்டு கால்? இப்பதான் சார்ஜ் போட்டேன்."

சொன்னாள். கோர்வையாகச் சொல்ல வரவில்லை. முன்னும் பின்னுமாக உளறினாள். "அடுத்த ஸ்டேஷன்ல எறங்குடா. எறங்கி ஆஸ்பத்திரிக்குப் போ."

"நாளைக்கு வேலையில சேரணும்க்கா. எனக்கு ஒண்ணும் இல்ல. தாகமாத்தான் இருக்கு, ரெண்டு பாட்டில் தண்ணி காலி." கொஞ்சம் நிறுத்தினான். "டிக்கெட்டுல எழுத்து சரியாத் தெரியல. தூக்கக் கலக்கம்னு நெனச்சேன்."

"எறங்குடா" என்று கத்தினாள். வராந்தாவில் போன நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

"இரு அக்கா, டப்பாவைப் பாக்கறேன்." டப்பா திறக்கும் சத்தம். கரண்டி உரசும் சத்தம். அப்புறம் வெறும் ரயில் சத்தம். "அக்கா... ஒண்ணு இருக்கு இதுல. முழுசா. உருண்டையா."

அவன் குரலில் பயத்தை அவள் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அடுத்த ஸ்டேஷனில் இறங்கினான். ரயில்வே ஆள் என்பதால் அங்கே இருந்தவர்கள் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். "நீ போ. எங்களைப் பாத்துக்க இங்க ஆள் இருக்கு" என்றார் கணவர். அவள் அடுத்த ரயிலைப் பிடித்தாள்.

போய்ச் சேர்ந்தபோது பொழுது சாயவில்லை. தம்பி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு நூற்றிருபது. கண்ணின் கறுப்பு விளிம்பு வரை விரிந்து, அவன் முகத்தில் வேறு யாரோ உட்கார்ந்து பார்ப்பதுபோல் இருந்தது. அவள் ஈரத்துணியால் அவன் உதட்டை நனைத்தாள்.

"நான்தாங்க்கா பார்க்காம கொட்டினேன்."

"நான் பார்த்துட்டுத்தானே நின்னேன்."

திரையில் எண் நூற்றிருபதிலிருந்து நூற்றுப்பத்துக்கு இறங்கும்வரை அவள் கண்ணெடுக்கவில்லை. இறங்கிய பிறகும் எடுக்கவில்லை. விடிந்தபோது அது எண்பதாகியிருந்தது. அவன் எழுந்து சுவரிலிருந்த அறிவிப்பை ஒரு எழுத்து விடாமல் உரக்கப் படித்துக் காட்டினான். அதில் சத்தம் போடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அவள் அப்போதுதான் அழுதாள்.

கணவரையும் டிரைவரையும் முன்தினம் இருட்டுவதற்கு முன்பே அனுப்பிவிட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒன்றுமில்லை. தம்பி இரண்டு நாள் தாமதமாக வேலையில் சேர்ந்தான். அவன் சொன்னதன்பேரில் பழைய கூட்டாளிகள் வேலியைப் போய்ப் பார்த்தார்கள். பெர்ரிக் கொடிக்குள்ளேயே பின்னிக்கொண்டு அந்தச் செடி இடுப்புயரம் நின்றதாம். வேரோடு பிடுங்கிப் போட்டார்கள்.

அதன்பிறகு பூட்டக்கா மாறிவிட்டாள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். பயம் கூடியது என்றுதான் சொல்ல வேண்டும். பல வாரங்கள் கணவரின் கண்ணைக் காலையில் எழுந்ததும் உற்றுப் பார்ப்பாள். ஓவனைத் தொடவேயில்லை.

நான்கு மாதம் கழித்து டிரைவர்தான் மாடியேறி வந்து, கடையில் வாங்கிய ஒரு டப்பா பெர்ரியை மேஜையில் வைத்தார். "எனக்கு வயசு எழுபத்திரண்டும்மா. அந்தப் பலகாரத்தைக் கடைசியாச் சாப்பிட்டது ஆஸ்பத்திரியில போய் முடிஞ்சுது. அதை அப்படியே விட எனக்கு மனசில்ல."

ஒவ்வொரு பழத்தையும் விரலால் உருட்டிப் பார்த்தாள், முப்பத்தெட்டு இருந்தன. வெந்து வந்ததும், இரண்டு ஆண்களும் கரண்டியோடு காத்திருக்க, ஒரு கிண்ணம் நிறைய எடுத்துத் தானே முதலில் சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டு, யாரும் தொடக்கூடாது என்று சொல்லி, கடிகாரத்துக்கு எதிரே நாற்காலியைப் போட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஆறிப் போன காப்ளரைத்தான் சாப்பிட்டார்கள். சூடாக இருந்ததைவிட இதுதான் நன்றாக இருக்கிறது என்று டிரைவர் சத்தியம் செய்தார்.