சொந்தத் தொழில் என்று எழுதிய அண்ணன்

என் அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. அந்தக் குணத்தால் எங்கள் குடும்பம் பட்ட அவஸ்தை கொஞ்சநஞ்சமல்ல. பெண் பார்க்கப் போன இடத்தில், "மாப்பிள்ளைக்கு நிரந்தர உத்தியோகம்தானே?" என்று கேட்டார்கள். நாங்கள் தலையாட்டுவதற்குள், "இல்லீங்க, வருஷா வருஷம் புதுப்பிப்பாங்க. போன வருஷம் மூணு மாசம் லேட்டாத்தான் புதுப்பிச்சாங்க" என்று விளக்கமாகச் சொல்லிவிட்டான். அதோடு அந்தச் சம்பந்தமும் போயிற்று, அதற்குப் பின் வந்ததும் போயிற்று. என்னைவிட இரண்டே வயது மூத்தவன், அதனால் எனக்கு எப்போதும் 'அவன்'தான். நகராட்சி வரிப் பிரிவில் தற்காலிக எழுத்தராகச் சேர்ந்து, பத்தொன்பது வருஷம் தற்காலிகமாகவே இருந்தான். அப்படிப்பட்டவன் தன் வாழ்நாளில் ஐம்பத்து மூன்று பொய்கள் எழுதினான், எல்லாம் ஒரே வாரத்தில். முதல் பொய்யை எழுத வைத்தவள் நான்.

எங்கள் தெருவில் இரண்டு வரிசை வீடுகள், எதிரெதிரே. ரயில் பணிமனை ஆட்களுக்காக அந்தக் காலத்தில் கட்டியவை. எங்கள் பக்கம் தரை ஒரு முழம் உயரம், அதனால் நாங்கள் மேல்வரிசை, அவர்கள் கீழ்வரிசை. மற்றபடி இரண்டு பக்கத்துத் தாத்தாக்களும் ஒரே கப்பலில் இந்த ஊருக்கு வந்து, ஒரே பணிமனையில் சுத்தியல் பிடித்தவர்கள்தான். பேச்சு வேறு, சாமி வேறு. எங்கள் தாத்தாக்கள் கப்பலின் மேல்தட்டில் வந்தவர்கள் என்று எங்கள் சங்கத்தில் சொல்லிக்கொள்வார்கள். "அது சரக்குக் கப்பல். மேல்தட்டுல மாடுதான் வந்துச்சு" என்று அண்ணன் ஒரு கூட்டத்தில் எழுந்து சொன்னான். ஆறு மாதம் அவனைச் சங்கத்துக்குள் விடவில்லை.

அப்பா காலத்தில் பணிமனையை மூடினார்கள். கீழ்வரிசை ஆட்கள் கிடைத்த வேலைக்கெல்லாம் போனார்கள். பஸ் கழுவினார்கள், ஆஸ்பத்திரியில் தரை துடைத்தார்கள், சித்தாள் வேலைக்குப் போனார்கள். நாங்கள் தகுதிக்கேற்ற வேலை வரட்டும் என்று காத்திருந்தோம். காத்திருப்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தோம். வேலை இல்லாத ஆம்பளை பகலில் வீட்டில் இருக்கக் கூடாது. தேய்த்த சட்டை போட்டு, கையில் பையோடு ஒன்பது மணிக்குக் கிளம்பிவிட வேண்டும். ஐந்தரைக்குத்தான் திரும்ப வேண்டும். நடுவில் பொது நூலகத்தில் பேப்பர் படிக்கலாம். அங்கே எங்கள் வரிசை ஆண்களுக்கு ஆளுக்கொரு நாற்காலியே உண்டு. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், யாரும் யாரையும் கேட்க மாட்டார்கள். வெளியாள் யாராவது கேட்டால் ஒரே பதில்தான்: சொந்தத் தொழில்.

கீழ்வரிசையில் வேலை இல்லாதவன் பனியனோடு வாசலில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரிடமெல்லாம் "வேலை இருந்தா சொல்லுங்கண்ணே" என்பான். அதைப் பார்த்து நாங்கள் முகத்தைச் சுளிப்போம். ஆனால் அவனுக்கு ஒரு மாதத்தில் எங்காவது வேலை கிடைத்துவிடும், எங்கள் ஆட்களுக்குக் கிடைக்காது. இதையும் பார்த்தோம். பார்த்தும் எங்களுக்கு உறைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் பை தூக்கத் தொடங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. குடும்பம் என் சம்பளத்தில் ஓடியது. ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் வேலை. வார்டுகளிலிருந்து வரும் விரிப்புகளைப் பிரித்துப் போட்டு, துவைத்து வந்ததும் மடித்து அடுக்க வேண்டும். வரிசையில் யாராவது கேட்டால் "ஆஸ்பத்திரியில இருக்கேன்" என்பேன். நர்ஸ் என்று நினைத்துக்கொண்டவர்களை ஒருநாளும் திருத்தியதில்லை.

அந்தச் சமயத்தில்தான் நகராட்சி ஒரு கணக்கெடுப்புக்கு ஏற்பாடு செய்தது. ஒன்றாக வந்து குடியேறிய இரண்டு கூட்டமும் மூன்று தலைமுறையில் எங்கே நிற்கிறது என்று ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம். படிப்பு, வேலை, நோய்நொடி என்று பன்னிரண்டு பக்கப் படிவம். இரண்டு வரிசையும் தெரிந்தவன் என்று அண்ணனை அனுப்பினார்கள். முதல் வாரம் கீழ்வரிசையை முடித்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் வரிசையை என் வீட்டிலிருந்து ஆரம்பித்தான். தங்கச்சி வீட்டில் சங்கடம் இருக்காது என்று நினைத்திருப்பான், பாவம்.

பெயர், வயது எல்லாம் எழுதிவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "வீட்டுக்காரர் என்ன வேலை பாக்கறார்?"

"என்னண்ணே புதுசாக் கேக்கறே?"

"படிவத்துல இருக்கு, கேட்டுத்தான் ஆகணும். 'வேலை இல்லை'ன்னு ஒரு கட்டம் இருக்கு பாரு. அதுல ஒரு கோடு போட்டா முடிஞ்சுது."

வீட்டுக்காரர் ஜன்னலோரம் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சொந்தத் தொழில்னு எழுது" என்றேன்.

"என்ன தொழில்னு கேப்பாங்களே."

"எதையாவது எழுதேன். கூடப் பிறந்தவ மானத்தை வாங்கணும்னே பேனாவை எடுத்துட்டு வந்தியா?"

அவன் என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான், எழுதினான். நான் கொடுத்த டீயைக் குடிக்காமல் எழுந்து போனான். பக்கத்து வீட்டுக்காரி வாசலிலேயே நின்றிருந்தாள். "தங்கச்சி வீட்டுல எப்படி எழுதினீங்களோ, அப்படியே எங்களுக்கும் எழுதிடுங்க" என்றாள். அப்படியே கடைசி வீடு வரைக்கும் போயிற்று. பிற்பாடு ஒருநாள் என்னிடம் சொன்னான், "உன் வீட்டுல அப்படி எழுதிட்டு, அடுத்த வீட்டுல நியாயம் பேச எனக்கு என்னம்மா யோக்கியதை இருக்கு?"

எட்டு மாதம் கழித்து அறிக்கை வந்தது. 'ஒரே கப்பல், இரண்டு கரை' என்று பேப்பரில் தலைப்புப் போட்டார்கள். மேல்வரிசையில் வேலையில்லாத குடும்பத் தலைவர் ஒருவர்கூட இல்லை, கீழ்வரிசையில் நூற்றுக்கு இருபத்தெட்டு பேர். சங்கத்தில் கூட்டம் போட்டார்கள். சங்கத் தலைவருக்கு 'மைக்' என்று பட்டப்பெயர், கையில் கொடுத்தால் திரும்ப வாங்க முடியாது. "ஒழுக்கம்! கட்டுப்பாடு! கல்வி! இது நம்ம ரத்தத்துல இருக்கு. எதிர்வரிசையில இல்லைன்னா அதுக்கு நாம என்ன பண்ண முடியும்?" என்று முழங்கினார். அவருடைய இரண்டு பிள்ளைகளும் நூலகத்தில் என் வீட்டுக்காரருக்கு எதிர் நாற்காலி. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன், கை சிவக்க. அண்ணனுக்குப் போட மாலை வாங்கி வைத்திருந்தார்கள். அவன் வரவே இல்லை.

மறுநாள் சலவைக்கூடத்தில் இஸ்திரியக்கா என் பக்கத்தில் வந்து நின்றாள். பெரிய இஸ்திரி மெஷினில் நிற்பதால் அந்தப் பெயர். கீழ்வரிசைக்காரி. எங்கள் பாஷையை எங்களைவிடச் சுத்தமாகப் பேசுவாள். அவள் பாஷையில் எனக்கு ஒரு வார்த்தை தெரியாது, பதினோரு வருஷமாகப் பக்கத்தில் நின்றும்.

"பேப்பர் பாத்தியா?" என்றாள். "எங்க வீட்டுக்காரர் அதை மடிச்சு அலமாரிக்கு மேல போட்டுட்டார், பிள்ளைங்க கண்ணுல படக் கூடாதுன்னு. ஆனா பள்ளிக்கூடத்துல வாத்தியாரே படிச்சுக் காட்டிட்டாராம். சின்னவன் வந்து கேக்கறான், நாம சோம்பேறிங்களாம்மான்னு." என் பக்கம் திரும்பி, "ஒண்ணாத்தானே வந்தோம். எங்ககிட்ட அப்படி என்னடி குறை? உனக்குத் தெரிஞ்சா சொல்லேன்" என்றாள்.

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாள். கணக்கெடுத்த வாரம் அவள் புருஷன் வேலை இல்லாமல் இருந்தார், அடுத்த மாதமே பஸ் கழுவப் போய்விட்டார். அவள் மூத்த மகள் பஸ் ஓட்டுகிறாள், மருமகன் மின்வாரியத்தில் இருக்கிறான். எங்கள் வரிசையில் அப்படி ஒரு வீட்டைக் காட்டச் சொன்னால் நான் திருதிருவென்று விழிக்க வேண்டியதுதான். உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. "எல்லாம் நேரம்தான்க்கா" என்று சொல்லிவிட்டு விரிப்பை மடித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

பிறகு அந்த அறிக்கையை வைத்து ஒரு திட்டம் வந்தது. ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் இரண்டு வருஷப் பயிற்சி, இலவசம், முடித்ததும் அங்கேயே வேலை. நாற்பது இடம். குடும்பத் தலைவருக்கு வேலை இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும். என் மகள் பள்ளிக்கூடம் முடித்து ஒரு வருஷமாக வீட்டில் இருந்தாள். ரத்தம், அணு, கிருமி என்று பேசினால் அவள் கண் பெரிதாகிவிடும். விண்ணப்பத்தை அவளே நிரப்பி எடுத்துக்கொண்டு போனாள். "உங்கப்பா சொந்தத் தொழில்னு பதிவாகியிருக்கேம்மா" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டாள். "யாரும்மா அப்படி எழுதினது?"

"மாமா" என்றேன்.

பொய்யில்லைதான். எழுதியது அவன் கைதான். அன்றிலிருந்து அவள் மாமாவோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். ஏன் என்று அவன் கேட்கவும் இல்லை, நான் சொல்லவும் இல்லை.

மகளைத் திருப்பி அனுப்பிய விஷயம் அலுவலகத்தில் தெரிந்த மறுநாளே அண்ணன் நேராக அதிகாரியிடம் போய், மேல்வரிசைப் படிவங்கள் தப்பு என்று சொல்லிவிட்டான். "நீங்க சொன்னாப் போதாது" என்றாராம் அவர். "ஒரே ஒரு வீடு, 'நாங்க சொன்னது தப்பு'ன்னு எழுத்துல கையெழுத்துப் போட்டுக் கொடுக்கட்டும். வரிசை முழுக்க மறுபடி எடுத்து, இடத்தையும் பிரிச்சுக் கொடுக்கறேன். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள்ள வரணும். இல்லேன்னா நீங்களா இட்டுக்கட்டி எழுதினதாத்தான் ஆகும்."

என் வீட்டைத் தவிர மற்ற ஐம்பத்திரண்டு வீட்டுப் படியும் ஏறி இறங்கினான். பாதிப் பேர் கதவைத் திறக்கவில்லை. மைக் வாசலில் வைத்தே, "இருக்கற பேரைக் கெடுக்கறதுக்குன்னே பிறந்தவன்டா நீ" என்று கத்தினார். கடைசியாக வெள்ளிக்கிழமை மத்தியானம் என்னிடம் வந்தான். தங்கச்சியை வற்புறுத்தினதாக இருக்கக் கூடாதென்றுதான் கடைசியில் வந்திருக்கிறான். அது எனக்கு அப்போதே புரிந்தது. நான் காலை ஷிப்ட் முடித்து வந்திருந்தேன். மகள் உள் அறையில் படுத்திருந்தாள். வீட்டுக்காரர் அன்றைக்குக் காய்ச்சல் என்று வீட்டில் இருந்தார்.

மேஜைமேல் தாளை வைத்தான். "ஒரு கையெழுத்துதாம்மா. பொண்ணுக்கும் இடம் கிடைச்சிடும்."

"வரிசைக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்காது. மறுபடி எல்லார் வீட்டுக்கும் வருவாங்கல்ல?"

"என்னையும் கேப்பாங்களா? ஆஸ்பத்திரியில என்ன வேலைன்னு?"

"கேப்பாங்க" என்றான். அவனுக்குத்தான் பொய் சொல்ல வராதே.

கட்டிலிலிருந்து வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "குடு மச்சான், நான் போடறேன்" என்று பேனாவை எடுத்தார். "எனக்கு அன்னிக்கே ஒண்ணுமில்லை. 'வேலை இல்லை'ன்னு இவ சொல்லியிருந்தா, சரின்னு நகம் வெட்டிட்டு இருந்திருப்பேன்."

நான் அந்தத் தாளைப் பிடுங்கிக்கொண்டேன். வேறு வார்த்தை இல்லை, பிடுங்கினேன். மூலையில் கிழிந்துவிட்டது. "உங்களுக்கு ஒண்ணுமில்லை. நாளைக்கு இந்தத் தெருவுல தலை நிமிர்ந்து நடக்க வேண்டியவ நான்" என்றேன். என்னென்னவோ சொன்னேன். இவ்வளவு பேர் போடாதபோது நான் மட்டும் ஏன் என்றேன். படிப்பு வேறு எங்காவது கிடைக்கும் என்றேன். அவர் பேனாவை மூடி வைத்தார். அண்ணன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான், மூன்றே கால் ஆகியிருந்தது.

"சரிம்மா, விடு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான். திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

தானாகவே பொய் எழுதியதாகச் சொல்லி அவனை வேலையிலிருந்து எடுத்தார்கள். விசாரணையில் என் வீட்டைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. எங்கள் வரிசையில் "அவன் ஒரு மாதிரின்னு அப்பவே தெரியும்" என்றார்கள். இப்போது நகராட்சி வாசலில் ஒரு மடக்கு மேஜை போட்டு, வருகிறவர்களுக்கு மனு எழுதிக் கொடுக்கிறான். கீழ்வரிசைக்காரர்கள்தான் நிறைய வருகிறார்கள், அவர்களுக்குத்தான் கேட்கத் தெரியும். என் வீட்டுக்காரர் அடுத்த மாதமே இஸ்திரியக்கா புருஷனிடம் சொல்லிவைத்து, பஸ் கழுவும் வேலைக்குப் போய்விட்டார். அதற்காக வரிசையில் யாரும் என்னைக் கல்லால் அடிக்கவில்லை. இரண்டு நாள் பேசினார்கள், மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். இதற்குப் பயந்தா அப்படிச் செய்தேன் என்று நினைத்தால் எனக்கு என்மேலேயே கோபம் வருகிறது.

மகளை என்னோடு சலவைக்கூடத்தில் சேர்த்துவிட்டேன். முதல் நாள், பெரிய விரிப்பை மடிக்க ஆளுக்கொரு முனையாகப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்த நேரத்தில் அந்தப் பயிற்சியில் இடம் கிடைத்த இஸ்திரியக்காவின் சின்ன மகள் வெள்ளைக் கோட்டும் கையில் ரத்த மாதிரிக் குழாய்கள் அடுக்கிய தட்டுமாகக் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனாள். என் மகள் அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்கு ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன்.

"உங்க மாமா மட்டும் அன்னிக்கு ஒழுங்கா எழுதியிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"மாமா தாளை எடுத்துட்டு வந்தப்ப நான் தூங்கலைம்மா" என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. விரிப்பை இழுத்து நேராக்கிவிட்டு, மடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றாள். மடிக்க வேண்டுமானால் என் முனையை எடுத்துக்கொண்டு நான் அவள் பக்கம் நடந்து போக வேண்டும், எதிரெதிரே வந்து முகத்தைப் பார்க்க வேண்டும். நான் இந்த முனையிலேயே நின்றுகொண்டிருந்தேன்.