கோடு வரை நிரம்பாத டியூப்

கடலூரில் ஒரு தனியார் மருத்துவமனை லேபில் இருபத்தாறு வருஷம் டெக்னீஷியனாக இருந்தேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு மெஷினைப் பற்றிச் சொல்லித்தர ஆள் உண்டு. நான் சொல்லப்போவது நான் சொன்ன ஒரு பொய்யைப் பற்றி.

ஒரு திங்கட்கிழமை காலை, திருப்பாதிரிப்புலியூரில் தையல் கடை வைத்திருக்கும் செல்வியை நெஞ்சுவலி, மூச்சுத்திணறல் என்று அவர் கணவர் கேஷுவால்டிக்கு அழைத்துவந்தார். ஈசிஜியில் ஹார்ட் அட்டாக் தெரியவில்லை. காலில் உறைந்த ரத்தக்கட்டி நுரையீரலுக்கு ஏறி இதயத்தைத் திணறடிக்கிறதோ என்று டூட்டி டாக்டருக்குச் சந்தேகம். டி-டைமர் கேட்டார். உடம்பில் ரத்தம் கட்டியிருந்தால் அந்த அளவு கூடும்.

நீல மூடி டியூப் வந்தது. ரத்தம் உறையாமலிருக்க அதில் ஏற்கெனவே மருந்து இருக்கும். கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் மருந்தில் நீர்த்து, அளவு குறைவாகக் காட்டும். வந்ததில் பாதிதான் இருந்தது. திருப்பி அனுப்பியிருக்க வேண்டும். லேபில் கூட்டம். நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தியதாக நர்ஸ் வேறு சொல்லியிருந்தார். அப்படியே மெஷினில் ஓட்டிவிட்டேன். நார்மலின் மேல் எல்லைக்குச் சற்றுக் கீழே, நார்மல் என்றே வந்தது. கையெழுத்துப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் டாக்டரே லேபுக்கு வந்தார்.

“ரிப்போர்ட் நார்மல்ங்குது. ஆனா அந்தம்மா மூச்சு வாங்குறது எனக்கு சரியாப் படல. சாம்பிள் நல்லா இருந்துச்சா?”

டியூப் ஸ்டாண்டிலேயே இருந்தது. அதை மறைத்தாற்போல் நின்றுகொண்டு, “நல்லாதான் இருந்துச்சு சார்” என்றேன்.

ஸ்கேன் வேண்டாமென்று செல்வியை வார்டில் படுக்கவைத்தார்கள். மத்தியானம் பாத்ரூமுக்கு எழுந்தவர் மயங்கி விழுந்தார். ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் ரத்தக்கட்டி. ஆம்புலன்ஸில் சிதம்பரம் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். முன்னாடியே ஸ்கேன் எடுக்காதது தன் தப்புதான் என்று டாக்டர் செல்வியின் கணவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. வாயைத் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் பஸ் ஏறி சிதம்பரம் போனேன். செல்வி பிழைத்துவிட்டார். லேபிலிருந்து வருவதாகச் சொன்னேன். “கடலூர்லேந்து நம்மளப் பாக்கவே வந்திருக்காரு” என்று கணவர் எனக்கு ஸ்டூல் எடுத்துப்போட்டார். கொஞ்ச நாளைக்குத் தையல் மெஷின் மிதிக்கக் கூடாதாம் என்றார் செல்வி. உண்மையைச் சொல்லத்தான் போயிருந்தேன். நலம் விசாரித்துவிட்டுத் திரும்பிவிட்டேன்.

மறுநாள் டாக்டரிடம் சொன்னேன். அவர் சொன்னது இதுதான்:

“பாதி டியூப்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா அப்பவே ஸ்கேனுக்கு அனுப்பியிருப்பேன்.”

அவர் முன்னாலேயே செல்வியின் கணவருக்கு போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். கணவர் திட்டவில்லை. “நேத்து எதிர்லதானே ஒக்காந்திருந்தீங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டார்.

குறைந்த டியூபைத் திருப்பி அனுப்புங்கள். திட்டினால் வாங்கிக்கொள்ளுங்கள். தவறி ஓட்டிவிட்டால், டாக்டர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே போய்ச் சொல்லுங்கள். உண்மையைச் சொல்ல எனக்கு மூன்று தடவை வாய்ப்பு இருந்தது. மூன்றையும் விட்டேன்.