எப்சிபா ரஸ்ட்டாக நடித்தவள்

வெர்னா டில்டனை எங்கள் ஊரில் யாரும் வெர்னா என்று கூப்பிட்டதில்லை. 'நல்லாள்' என்பார்கள். சூனியக்காரி என்று பட்டம் கட்டிப் பெண்களைத் தூக்கில் போட்ட அந்தக் காலத்தில், குடும்பப் பெண்களை இந்தப் பக்கம் அப்படித்தான் அழைத்தார்களாம். கோடைதோறும் எங்கள் பழைய ஜெபக்கூடத்தில் நடக்கிற நாடகத்தில் வெர்னாதான் நல்லாள் எப்சிபா ரஸ்ட். அந்த 'நல்லாள்' என்ற பெயர் மேடையை விட்டு இறங்கி அவளோடு கடைவீதிக்கு வந்து, தபால் நிலையம் வரைக்கும் ஒட்டிக்கொண்டது. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை.

பெருமைப்பட வேறு என்ன இருந்தது அவளுக்கு? ஃப்ளோரிடாவுக்கு மீன்பிடிக்கப் போன புருஷன் அங்கேயே தங்கிவிட்டான். பிள்ளைகள் இல்லை. வீட்டு முன்னறையில் இரண்டு நாற்காலி போட்டு முடி வெட்டிப் பிழைத்தாள். அப்படி ஒரு நாள் எவரெட் ஸ்ப்ராக்குக்குப் பிடரியை வழித்துக்கொண்டிருந்தபோதுதான் அவர், "நீயே எப்சிபாவா வந்துடேன்" என்றார். நாடகத்தை எழுதியவரும் நடத்துபவரும் நீதிபதியாக நடிப்பவரும் எவரெட்தான். முன்பு எப்சிபாவாக நடித்தவள் இடுப்பை முறித்துக்கொண்டு படுத்திருந்தாள். அன்று முதல் வெர்னா ஊருக்கு வேண்டியவள் ஆனாள்.

நாடகம் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. எப்சிபா முறைத்ததால் பக்கத்து வீட்டுப் பசுவுக்குப் பால் வற்றியது, வெண்ணெய் திரளவில்லை என்று ஒவ்வொருத்தராக வந்து சாட்சி சொல்வார்கள். ஐம்பதைத் தாண்டிய டார்லீன், பன்னிரண்டு வயதுச் சிறுமியாகக் குல்லாய் மாட்டிக்கொண்டு, பேய் பிடித்துத் தரையில் உருளுவாள். கடைசியில் நீதிபதி சொல்வார்: ஒப்புக்கொண்டால் உயிர் பிழைப்பாய், மறுத்தால் தூக்கு. எப்சிபா மறுப்பாள். எவரெட் சபையைப் பார்த்து, குற்றவாளி என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள் என்பார். சுற்றுலா வந்த பொடிசுகள் ஒன்றிரண்டு தூக்கும், அவ்வளவுதான். ஊர்ப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அப்புறம் எல்லோரும் கீழ்த்தளத்துக்குப் போய் அவித்த பீன்ஸும் சோள ரொட்டியும் சாப்பிடுவோம். அந்தக் காலத்து ஜனங்கள் எவ்வளவு மோசம் என்று ரொட்டியை மென்றுகொண்டே பேசுவோம்.

இந்த வருஷம் பனி உருகும் முன்பே எல்லாம் கெட்டுப்போனது. குழந்தைகள் நலத் துறைக்காரர்கள் ஒரு நாள் ட்வைட் கோவன் வீட்டு வாசலில் வந்து நின்று, அவன் மகள் ஜூனியைக் கூட்டிக்கொண்டு போனார்கள். யாரோ போன் செய்து, குழந்தையை அடிக்கிறான் என்று சொல்லிவிட்டார்களாம். ட்வைட் தீயணைப்புத் தொண்டன். வயதானவர்கள் வீட்டு வாசலில் பனியைக் கூப்பிடாமலே வந்து தள்ளிவிட்டுப் போகிறவன். நாடகத்தில் எப்சிபாவின் கையைக் கட்டும் சிறைக்காவலன் அவன்தான். விசாரித்தார்கள், எதுவும் நிரூபணமாகவில்லை, பிள்ளையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். குழந்தைக்கு என்ன ஆச்சு என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. போன் செய்தது யார் என்றுதான் கேட்டார்கள். அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஜூனி முடி வெட்டிக்கொள்ள வெர்னாவிடம் போயிருந்தாள். அது போதுமே.

வெர்னா போன் செய்யவில்லை. ஆனால் பார்த்தாள். ஈரத் தலையைச் சீவி மேலே தூக்கியபோது, காதுக்குப் பின்னால் கழுத்தில் விரல் விரலாக நீலம் பாரித்திருந்தது.

"என்னடா கண்ணு இது?"

"சைக்கிள்ல இருந்து விழுந்துட்டேன்."

வெளியே பனி முழங்கால் அளவு கிடந்தது. யார் சைக்கிள் ஓட்டுகிறார்கள்? அடுத்தவர் வீட்டு விஷயத்தில் தலையிடுவது எங்கள் ஊரில் திருட்டை விடக் கேவலம். அதனால் அவள் செய்தது இதுதான்: பின்பக்க முடியைச் சொன்னதை விட நீளமாக விட்டு, அந்தத் தடம் வெளியே தெரியாதபடி சீவி இறக்கி அனுப்பினாள். அன்று இரவு இரண்டு தடவை போனைக் கையில் எடுத்து இரண்டு தடவையும் வைத்துவிட்டாள். வேறு யாரோ அவளை விடத் தைரியசாலி, அந்த வேலையைச் செய்துவிட்டார்.

எங்கள் ஊரில் முகத்துக்கு நேரே யாரும் சண்டை போட மாட்டார்கள். முடி வெட்ட வருவதாகச் சொன்னவர்களுக்குத் திடீரென்று தலைவலி வந்தது. கடைக்காரர் சில்லறையை அவள் கையில் தராமல் மேஜையில் வைத்தார். தபால் நிலையத்தில் அவளை 'மிஸஸ் டில்டன்' என்றார்கள். அந்த மரியாதை அவளைச் செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

ஒத்திகை நாளில் டார்லீன் அவளை ஓரமாகக் கூப்பிட்டாள்.

"ஏன்டி, ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சா போயிடுவ? 'ஆமா ட்வைட், நான்தான் போன் பண்ணேன், புத்தி கெட்டுப் பண்ணிட்டேன், மன்னிச்சிடு'ன்னு சொல்லித் தொலையேன். அவனே விட்டுடறேங்கறான்."

"நான் பண்ணலையே டார்லீன்."

"பண்ணியா பண்ணலையான்னு இப்ப யாருடி கேட்டா? ஊர் வாய் அடங்கும்ல?"

"இதையேதான் எவரெட் மேடையில நின்னு என்கிட்ட கேக்கறாரு. நீ அங்க உருண்டுக்கிட்டு இருக்கிறதால காதுல விழல போல."

"அய்ய, அது நாடகம்! அதுல ஆளைத் தூக்குல போடுவாங்க. இங்க யாரு உன்னைத் தூக்குல போடப்போறா? முடி வெட்ட வர மாட்டாங்க, அவ்வளவுதானே."

எவரெட் இன்னும் பக்குவமாகச் சொன்னார். "முதல் நாள் நாடகம் முடிஞ்சதும் கீழ எல்லாரும் சாப்பிட வருவாங்கல்ல, அங்க வச்சு சொல்லிடும்மா. இல்லேன்னா அடுத்த வருஷம் எப்சிபாவுக்கு வேற ஆள் பாக்கச் சொல்றாங்க. நான் ஒண்டி ஆளு, என்ன பண்ணட்டும்?"

வெர்னா யோசிக்கிறேன் என்றாள். உண்மையிலேயே யோசித்தாள். ஒரு பொய் சொன்னால் நாற்காலிகள் நிறையும், ஊர் திரும்பக் கிடைக்கும். ஆனால் எவ்வளவு விசித்திரமான பொய்! தான் செய்யாமல் விட்ட ஒரே நல்ல காரியத்தைச் செய்ததாக ஒப்புக்கொண்டு, அதற்கு மன்னிப்பும் கேட்க வேண்டும். நினைக்க நினைக்க அவமானம் பிடுங்கித் தின்றது. இருந்தும், சொல்லிவிடுவது என்ற முடிவோடுதான் முதல் நாள் நாடகத்துக்கு வந்தாள். தனியாக இருந்து பார்த்தவர்களுக்குத் தெரியும், அவளைக் குறை சொல்ல முடியாது.

ஜெபக்கூடம் நிரம்பியிருந்தது. மூன்றாவது வரிசையில் ஜூனியின் அம்மா லெனோர் தனியாக உட்கார்ந்திருந்தாள். திரைக்குப் பின்னால் ட்வைட் கயிற்றோடு வந்து வெர்னாவின் மணிக்கட்டுகளைச் சேர்த்துக் கட்டினான்.

"இறுக்கமா இருக்கா, நல்லாள்?"

ஊரில் அவன் ஒருத்தன்தான் அவளை இன்னும் அப்படிக் கூப்பிட்டான்.

"பரவால்ல."

"போன் பண்ணது நீ இல்லேன்னு எனக்குத் தெரியும்." முடிச்சைப் போட்டுக்கொண்டே, வானிலையைப் பற்றிப் பேசுகிற குரலில் சொன்னான். "நீ விவரமானவ. சாப்பாட்டு நேரத்துல மன்னிப்புக் கேட்டுடு, எல்லாம் பழையபடி ஆயிடும். அடுத்த வாரம் ஜூனியக் கூட்டிட்டு வரேன். போன தடவை மாதிரியே பின்னாடி கொஞ்சம் நீளமா விட்டுடு."

அவன் மிரட்டவில்லை. நன்றி சொல்கிறான். இந்த ஊரில் தன்னை நம்புகிற ஒரே ஆள் இவன்தான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

மேடையில் பசு வற்றியது, வெண்ணெய் திரளவில்லை, டார்லீன் உருண்டாள். எவரெட் கறுப்பு அங்கியில் நிமிர்ந்து கேட்டார்: "நல்லாள் எப்சிபா ரஸ்ட், உன் மீது சொல்லப்பட்டதை ஒப்புக்கொள்கிறாயா?"

"நான் அதைச் செய்யவில்லை" என்றாள் வெர்னா. வசனம் அதோடு முடிகிறது. அவள் நிறுத்தவில்லை.

"நான் போன் பண்ணலை. பண்ணியிருக்கணும். ஜூனி கழுத்துல விரல் தடத்தை நான் பாத்தேன். பாத்துட்டு, அது வெளிய தெரியக்கூடாதுன்னு முடியை இறக்கி விட்டேன். அடுத்த வாரமும் அப்படியே விடணுமாம், இப்பதான் அவங்கப்பா சொன்னாரு."

தரையில் கிடந்த டார்லீன் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். "அவளுக்கு என்னமோ ஆயிடுச்சு" என்று ட்வைட் சிரித்தான். கூடச் சிரிக்க ஆள் இல்லை. பாவம் எவரெட், அவருக்குத் தெரிந்ததெல்லாம் தான் எழுதிவைத்த அடுத்த வரிதான். அதையே சொன்னார்.

"இவள் குற்றவாளி என்று நினைப்பவர்கள் கை தூக்குங்கள்."

வெர்னா கட்டோடு தன் இரண்டு கைகளையும் தூக்கினாள்.

மூன்றாவது வரிசையில் லெனோர், மேடையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி, தன் பெயரையும் அதில் சேர்த்துக்கொள்ளச் சொல்வது போல, மெதுவாகத் தன் கையைத் தூக்கினாள்.