தக்கை மணத்த போத்தல்

மூக்கு கைவிட்ட பிறகும் அவர் கிளாஸை முகர்வதை விடவில்லை. தண்டைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றுவார், கண்ணை மூடுவார், மெதுவாக மூச்சை இழுப்பார். பார்ப்பவர்களுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. அந்த மூச்சில் ஒரு மணமும் இல்லை என்பது அவருக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

ஜெர்மனியின் பான் நகரில் ஒரு சிறிய வைன் கடையின் முதலாளியம்மா அவர். இங்குள்ள வழக்கப்படி நான் ஷெஃபின் என்றே அழைத்தேன். யாழ்ப்பாணத்தில் இரசாயனம் படிப்பித்த நான், அகதியாக வந்து அவருடைய நிலவறையில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தேன். இரண்டாயிரம் பிறந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு பனிக்காலத்தில் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, மணமும் அதோடு போனது. திரும்பும் என்றார் டொக்டர், திரும்பவில்லை. புளித்த பாலை ஊற்றிய கோப்பியை ஒரு காலை அவர் சிரித்தபடி என்னிடம் நீட்டியபோதுதான் எனக்கு விளங்கியது.

அவர் பேசியது ஜெர்மன்தான். ஆனால் இத்தனை காலத்தில் அது என் காதுக்குள் எங்கள் ஊர்த் தமிழாக மாறிவிட்டது. "மணம் தெரியாதவளிட்டை ஆர் வைன் வாங்குவினம்? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ" என்றார். அன்றிலிருந்து அவருடைய மூக்கு நான்தான். மாதிரிப் போத்தல் வந்தால் முகர்ந்து, வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். குடிக்கிற பழக்கம் எனக்கு இல்லை. என் மனைவிக்கு இது பெரிய பகிடி. "இஞ்சாருங்கோ, துப்புறதுக்குச் சம்பளம் தாற நாடும் இருக்கு. வாய் நிறைய வெத்திலை போட்ட எங்கட அப்பர் இது தெரியாமலே போய்ச் சேர்ந்திட்டார்."

வெளியாட்கள் இருக்கும்போது எங்களுக்குள் ஒரு ஏற்பாடு இருந்தது. வைனில் பழுது இருந்தால் "தண்ணீர் கொண்டுவரட்டுமா?" என்று கேட்பேன். நல்லதென்றால் பேசாமல் நிற்பேன். இரண்டு வருடம் இப்படியே ஓடியது.

பிறகு ஒரு வசந்தகாலத்தில் தென்பிரான்சிலிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். மலைச்சரிவில் அவருடைய தோட்டம். செயற்கை உரமோ மருந்தோ போடுவதில்லை. சரிவில் இயந்திரம் ஏறாது என்பதால் குதிரை பூட்டி உழுகிறார். கொடிகள் அவருடைய பாட்டன் காலத்தவை. கிழட்டுக்கொடி கொஞ்சமாகத்தான் காய்க்கும், ஆனால் காய்ப்பதில் சாரம் இருக்கும் என்றார். கைமுட்டி போல முறுக்கேறிய அடிமரங்களின் படத்தைக் காட்டினார். என் பெயரை இரண்டு தரம் கேட்டுச் சரியாக உச்சரித்தார். எங்கள் ஊரில் மண் என்ன நிறம் என்று கேட்டார். சிவப்பு என்றேன். தன்னுடையதும் அப்படித்தான் என்று என் தோளில் தட்டினார். இந்த நாட்டில் அதுவரை அதை யாரும் என்னிடம் கேட்டதில்லை.

ஷெஃபினிடம் வழக்கமாக வாங்கும் உணவகக்காரர் இருவர் அன்று கடையில் இருந்தார்கள். பேச்சு உற்சாகத்தில் தோட்டக்காரர் தான் முதலில் முகர்ந்து பார்க்க மறந்து, வயதில் மூத்தவன் என்று என் கிளாஸில்தான் முதலில் ஊற்றினார். மூக்கருகே கொண்டுபோனேன். நனைந்த கடதாசிப் பெட்டி மணம். போத்தலை மூடிய தக்கை பழுதாகி வைனைக் கெடுத்திருந்தது. அது அவருடைய குற்றமே அல்ல. எந்த நல்ல வைனுக்கும் நேரக்கூடியது. இன்னொரு போத்தலைத் திறந்தால் சரி. நான் கேட்கவேண்டியிருந்தது தண்ணீர் ஒன்றுதான்.

கேட்கவில்லை. தன் மண்ணில் விளைந்ததைத் தன் கையால் ஊற்றித் தந்தவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒருவர் வீட்டில் இலையில் வைத்ததைக் குறை சொல்லாமல் வளர்ந்தவன் நான். "நல்லாயிருக்கு" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

ஷெஃபின் கண்ணை மூடி மூச்சை இழுத்தார். கறுத்த பழங்கள், மலைமூலிகை, வெயில் காய்ந்த கல் என்று அழகாகச் சொல்லிக்கொண்டே போனார். அப்போதுதான் தோட்டக்காரர் தன் கிளாஸை முகர்ந்தார். அவர் வைனைப் பார்க்கவில்லை, ஷெஃபினைப் பார்த்தார். "மேடம், இது தக்கை" என்று மெல்லச் சொல்லிவிட்டு வேறு போத்தல் திறந்தார். உணவகக்காரரில் ஒருவர் தன் கிளாஸை முகர்ந்துவிட்டு, "எங்கட ஈரம் பிடிச்ச நிலவறையிலையும் இதே மலைமூலிகைதான் மணக்குது" என்று சிரித்தார். மற்றவர் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது.

எல்லோரும் போன பிறகு ஷெஃபின் கிளாஸ்களைக் கழுவினார். என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உங்களுக்கும் தடிமனோ?" என்று கேட்டார்.

"ஓம்" என்றேன். "கொஞ்ச நாளாச் சளி, மூக்கு வேலை செய்யுதில்லை."

முதல் பொய்யாவது மரியாதையில் வந்தது. இது வெறும் பயம். அவர் தலையை ஆட்டினார். "அப்ப ரெண்டு கிழட்டு மூக்கை வைச்சுக்கொண்டு கடை நடத்தேலாது." அந்த இலையுதிர்காலத்தில் கடையை விற்றார். என் மூக்கு சரியாக இருக்கிறது என்று தெரிந்திருந்தால் விற்றிருக்கமாட்டார். அதைச் சொல்ல எனக்கு ஒரு முழுக் கோடைகாலம் இருந்தது.

அடுத்த வருடம், சொல்லிவிடவேண்டும் என்றே அவருடைய வீட்டுக்குப் போனேன். மனைவி இடியப்பமும் சொதியும் கட்டித் தந்திருந்தாள். பிறகு சாப்பிடுகிறேன் என்று நான் சும்மா இருந்தேன். அவர் ரசித்துச் சாப்பிட்டு, "அருமை, மனிசிக்குச் சொல்லுங்கோ" என்றார். அந்த நேரம் பார்த்து என் கைத்தொலைபேசி அடித்தது. "ஐயோ அப்பா, சொதிக்கு உப்புப் போட மறந்திட்டன்! அந்த மனிசியைச் சாப்பிட விடாதேங்கோ!" மனைவியின் சத்தம் மேசைவரை கேட்டது.

அவருடைய சாப்பாட்டுக் கோப்பை துடைத்தது போல வெறுமையாக இருந்தது. மணம்தான் அவருக்குத் தெரியாது. உப்பு நாக்குக்குத் தெரியும். மனைவி என்ன சொன்னாள் என்று கேட்டார். சொன்னேன்.

"சூடாய் இருந்தது" என்றார். "எனக்கெண்டு ஒருத்தர் சமைச்சுக் கனகாலம்."

சொல்ல வந்ததைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்த்திருக்காது. நான் எழுந்து பாத்திரத்தைக் கழுவிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இரண்டு பனிக்காலம் கழித்து அவர் காலமாகிவிட்டார். இப்போது எனக்கும் வயது எண்பதை நெருங்குகிறது. மனதுக்குள் மறைத்து வைத்திருப்பதும் ஒரு வேலைதான். அந்த வேலை அலுத்துவிட்டது.

அன்று எனக்குத் தடிமன் இருக்கவில்லை, ஷெஃபின்.